மழைக்காலம் வருது, வீட்ல எல்லாரும் தினமும் கஷாயம் குடிக்கலாமா?

மன்னை மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மன்னார்குடி பக்கம் கிராமம். ஐப்பசி பொறந்தா போதும் எங்க வீட்ல சளி இருமல் ஒருத்தர் விட்டா ஒருத்தருக்கு வந்துகிட்டே இருக்கும், பெரியவனுக்கு ஏழு வயசு சின்னவளுக்கு மூணு வயசு, ரெண்டும் மாத்தி மாத்தி இருமிகிட்டு ராத்திரி தூங்கவே விடாதுங்க. இந்த வருஷம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, வீட்ல உள்ள எல்லாரும் காலைல வெறும் வயித்துல கபசுர குடிநீர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் விடாம குடிச்சா இம்யூனிட்டி ஏறி காய்ச்சலே அண்டாதுன்னு. எங்க வீட்டுக்காரர் பொடி வாங்கிட்டே வந்துட்டாரு.

ஆனா எனக்கு பயமா இருக்கு. அத்தைக்கு பிரஷர் சுகர் ரெண்டுக்கும் மாத்திரை ஓடுது. நாத்தனார் அஞ்சு மாசம் முழுகாம இருக்கா, தீபாவளிக்கு வந்து பொங்கல் வரைக்கும் இங்கதான் இருப்பா. எல்லாருக்கும் ஒரே டம்ளர்ல ஊத்திக் குடுக்கறது சரியா படல. இயற்கை தானே என்ன பண்ணிடப் போவுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கஷாயம் வேணாம்னா சாப்பாட்டுலயே என்ன சேக்கலாம்? கொல்லைல இடம் இருக்கு, என்ன கீரை என்ன கொடி வைக்கலாம்னும் சொல்லுங்க. அத்தைக்கு இதெல்லாம் தெரியும் ஆனா இப்ப அவங்களால உக்காந்து செய்ய முடியல, நான் டவுன்ல வளந்தவ, கேட்டு கேட்டுதான் பழகணும்.

ஐயாறு அம்மா
அம்மாடி, உனக்கு பயம் வந்ததே நல்லதுதான். நான் திருவையாறு. எங்க காலத்துல கஷாயம்னா உடம்பு முடியாதப்ப போடறது, மூணு நாளோ அஞ்சு நாளோ, பத்தியம் இருந்து குடிச்சிட்டு நிறுத்திடுவாங்க. நல்லா இருக்கறவங்களுக்கு தினம் கஷாயம் போட்டு நான் பாத்ததில்ல. மழை நாளுக்குன்னு சமையல்தான் மாறும். வெயில்ல இளநீ, நன்னாரி, பானகம், நீராகாரம். ஐப்பசி கார்த்திகைல மிளகு, பூண்டு, சுக்கு, தூதுவளை. அதை சாப்பாடாத்தான் சாப்பிட்டோம், யாரும் இம்யூனிட்டின்னு பேர் வெக்கல.

தூதுவளை ரசம் முதல்ல பழகிக்க, புள்ளைங்களுக்கு அதுதான் நல்லா எறங்கும். இலைக்கு அடில நரம்புல முள்ளு இருக்கும், ஒவ்வொண்ணா கத்தரிக்கோலால நறுக்கி எடுக்கணும், அந்த வேலைல சோம்பல் படாத ஏன்னா ஒரு முள்ளு தொண்டைல குத்துனா அப்புறம் புள்ள ஜென்மத்துக்கும் அந்த ரசத்தை தொடாது. ஒரு கைப்பிடி இலையை நெய்ல சுருள வதக்கி, மிளகு சீரகம் பூண்டு நாலு பல்லோட அரைச்சு, நீர்க்க கரைச்ச புளித்தண்ணில கலந்து, ஒரு தக்காளி பிசைஞ்சு விட்டு, நுரை கட்டி வர்றப்ப இறக்கிடணும், கொதிக்க விடக்கூடாது. சின்னவளுக்கு மிளகு கம்மியா போட்டு தனியா எடுத்து வெச்சிடு, குழைஞ்ச சோறு, நெய், இந்த ரசம் போதும்.

உங்க அத்தைக்கு அங்காயப் பொடி தெரியும், கேட்டுப் பாரு, சில வீட்டுல ஐங்காயப் பொடின்னு சொல்லுவாங்க. வேப்பம்பூ, சுண்டக்கா வத்தல், மணத்தக்காளி வத்தல், சுக்கு, மிளகு, சீரகம், மல்லி, கறிவேப்பில, பெருங்காயம், கொஞ்சம் துவரம்பருப்பு. தனித்தனியா வறுத்து இடிக்கணும், ஒண்ணாப் போட்டா வேப்பம்பூ கருகி பொடி முழுக்க கசந்துடும். முதல் கவளம் சுடு சோத்துல நெய் விட்டு இந்தப் பொடி, அப்புறம்தான் கொழம்பு. பிள்ளை பெத்தவளுக்கு பத்திய சாப்பாட்டுலயும் இதுதான் முதல்ல வரும், அதனால உன் நாத்தனாருக்கு பின்னாடி உபயோகப்படும், ஒரு டப்பா கூடவே இடிச்சு வெச்சுக்க. வேப்பம்பூ இப்ப கிடைக்காது, பங்குனி சித்திரைல பூக்கறப்ப வேட்டி விரிச்சு உதுத்து காய வெச்சிருக்கணும், இந்த வருஷத்துக்கு கடைல வாங்கிக்க, அடுத்த வருஷம் நீயே பொறுக்கிடு.

உடம்பு வலி, அசதின்னா கண்டந்திப்பிலி ரசம். வாயுவுக்கு பிரண்டை துவையல். மத்தபடி மிளகு கொழம்பு, பூண்டு கொழம்பு, வாரம் ரெண்டு தடவ முருங்கக்கீரை, அதுவும் பகல்லதான், ராத்திரி கீரை வேணாம். இவ்வளவுதான் எங்க வீட்ல மழைக்காலம்.

சித்தா டாக்டர் தஞ்சை
நான் சித்த மருத்துவம் படிச்சு டிஸ்பென்சரில வேலை பாக்கறேன், அதனால கஷாயம் வேணாம்னு சொல்ல வரலை. மருந்தை மருந்தா குடிங்கன்னுதான் சொல்றேன்.

கபசுர குடிநீர்ல 15 சரக்கு இருக்கு. சுக்கு, திப்பிலி, லவங்கம், ஆடாதோடை, கடுக்காய், கற்பூரவல்லி மாதிரி தெரிஞ்ச சரக்கும் இருக்கு, அதோட நிலவேம்பு, சீந்தில், அக்கரகாரம், சிறுதேக்கு, வட்டத்திருப்பி, கோரைக்கிழங்குன்னும் இருக்கு. கபசுரம்னு நூல்ல சொல்ற காய்ச்சலுக்கு எழுதின மருந்து அது. நிலவேம்பு குடிநீர் வேற, அதுல 9 சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம். டெங்கு சமயத்துல கவர்மெண்ட் குடுத்தது நிலவேம்பு, 2020ல கொரோனாவுக்கு குடுத்தது கபசுரம். நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுகிட்டு கைல கிடைச்சதை போட்டுடறாங்க.

காய்ச்சற முறை: பெரியவங்களுக்கு 5 கிராம் பொடி, 200 மில்லி தண்ணி, சின்ன தீயில 50 மில்லியா வத்தணும், நாலுல ஒண்ணு. வடிகட்டி சூடு ஆறறதுக்குள்ள குடிச்சிடணும். காலைல போட்டதை சாயங்காலம் சூடு பண்ணிக் குடிக்கறது, ஃபிரிட்ஜ்ல வெக்கறது எதுவும் கூடாது. எத்தனை நாள்ங்கறது ஆளப் பாத்து நாடியப் பாத்து சொல்றது, சாதாரணமா சில நாள்தான். மெசேஜ்ல வர்ற 48 நாள் எல்லாருக்கும் பொதுவான கணக்கு இல்ல.

இப்ப உங்க வீட்டுக்கு வர்றேன். நாத்தனாருக்கு நிலவேம்பு சேந்த எதுவும் வேண்டவே வேண்டாம், கர்ப்பிணிக்கு அதைக் குடுக்கக் கூடாது, அதனால கபசுரமும் கூடாது. அத்தைக்கு பாருங்க, நிலவேம்பும் சீந்திலும் சுகரைக் குறைக்கும், நிலவேம்பு பிரஷரையும் இறக்கும், ஏற்கனவே ரெண்டுக்கும் மாத்திரை ஓடறப்ப வெறும் வயித்துல இதைக் குடிச்சா தலைசுத்தி விழ வாய்ப்பு இருக்கு. சீந்தில்ல இன்னொண்ணும் இருக்கு. கொரோனா சமயத்துல அதை மாசக்கணக்கா சாப்பிட்ட சிலருக்கு கல்லீரல் வீங்கினதா மும்பை டாக்டர்கள் 2021ல கட்டுரை எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் அதை ஒத்துக்கல, சீந்தில்னு நினைச்சு வேற கொடியை சாப்பிட்டிருக்கலாம்னாங்க. எது உண்மையா இருந்தாலும் நமக்கு பாடம் ஒண்ணுதான், அடையாளம் தெரியாத பொடியை அளவில்லாம நாள்கணக்கா குடிக்காதீங்க. மூணு வயசுக்கு பொடி கஷாயம் எதுவும் நீங்களா குடுக்காதீங்க, காட்டிட்டு குடுங்க.

இன்னொண்ணு பெருமையா சொல்லணும். நம்ம தஞ்சாவூர்லயே ரெண்டாம் சரபோஜி, 1798லேர்ந்து 1832 வரைக்கும் ஆண்டவர், தன்வந்திரி மகால்னு வெச்சு எல்லா முறை வைத்தியர்களையும் உக்கார வெச்சு மருந்து செஞ்சு பாத்து, பலிச்ச முறைகளை தமிழ்ப் பாட்டா எழுத வெச்சாரு, அந்த சுவடிகளை சரசுவதி மகால் நூலகம் பின்னாடி அச்சு போட்டுச்சு. அதுல நோய் நோயா பிரிச்சு, என்ன சரக்கு, எவ்வளவு எடை, எதோட குடுக்கணும்னு இருக்கும். இருநூறு வருஷம் முன்னாடியே இவ்வளவு கணக்கா செஞ்ச ஊர்ல இருந்துகிட்டு ஒரு பார்வர்டு மெசேஜை நம்பி குடும்பத்துக்கே ஒரே டம்ளர்னா மனசு ஆறல எனக்கு.

பொடி வாங்கியாச்சுன்னா டாம்ப்கால் பாக்கெட்டான்னு பாருங்க, அது அரசு நிறுவனம், பேட்ச் நம்பர் தேதி எல்லாம் இருக்கும். லூஸ்ல வாங்கினதா இருந்தா கொட்டிடுங்க. வாரத்துல குறிப்பிட்ட நாள் அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுல டாக்டர் இருப்பாங்க, அத்தையோட மாத்திரை சீட்டை எடுத்துகிட்டு ஒரு தடவ போய்ட்டு வாங்க.

வரப்போரம்
திருத்துறைப்பூண்டிலேர்ந்து எழுதுறேன், விவசாயம். கீரை எங்கேர்ந்து பறிக்கறீங்கன்னு யாரும் கேக்கலயே, அதைத்தான் முதல்ல கேக்கணும். எங்க ஆத்தா காலத்துல வரப்புல பொன்னாங்கண்ணி, வாய்க்கா ஓரத்துல வல்லாரை, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி எல்லாம் மடி நிறைய பறிச்சுட்டு வருவாங்க. இப்ப சம்பா நடவு முன்ன பின்ன களைக்கொல்லி அடிக்கறாங்க, வரப்புல புல்லு கருகணும்னு தனியா வேற அடிக்கறாங்க, அதுக்கு மேல பூச்சி மருந்து. அடிச்ச அன்னிக்கு இலை பச்சையாத்தான் நிக்கும், பாத்தா தெரியாது. வல்லாரை மாதிரி தண்ணில நிக்கறது பக்கத்து வயல்லேர்ந்து வடியறதை எல்லாம் வாங்கிக்கும். உடம்புக்கு நல்லதுன்னு பறிச்சுட்டு வந்து வெஷத்தை திங்கறாப்ல ஆயிடும். உங்க வயல்ல நீங்க அடிக்கலன்னாலும் மேல் மடைக்காரர் அடிச்சிருப்பாரு. தெரியாத வரப்புல பறிக்காதீங்க, கொல்லைலயே வளங்க.

கொல்லைக்கு தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை இந்த மூணும் வேலிலயே ஏறிக்கும். பிரண்டைக்கு ஒரு கணு ஒடிச்சு நட்டா போதும், தண்ணி தேங்காம இருக்கணும். கற்பூரவல்லி ஒரு கிளை ஒடிச்சு தொட்டில வைங்க. முருங்கை நம்ம பக்கம் கஜாப் புயல்ல 2018ல எல்லாம் முறிஞ்சு போச்சு, ஆனா போத்து வெட்டி நட்டா சீக்கிரம் வந்துடும், மழைல வேர் அழுகாம மேட்டுல நடுங்க. வேலிக்கு நொச்சி வைங்க, நெல் குதிர்ல போட்டாலும் பூச்சி அண்டாது.

அரிசி பத்தி ஒரு வார்த்தை. எங்க ஊர் நெல் ஜெயராமன் ஐயா 174 பாரம்பரிய ரகத்தை மீட்டுக் குடுத்துட்டு 2018 டிசம்பர்ல போய் சேந்தாரு, விதைத் திருவிழாவுல ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனா அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும்னு வெச்சிருந்தாரு, அப்படித்தான் எங்க வயலுக்கும் மாப்பிள்ளைச் சம்பா வந்துச்சு. 160 நாள் கிட்ட நிக்கும், ஆளு உசரம் வளரும், வெள்ளத்துக்கு தாக்குப் பிடிக்கும். அதோட நீராகாரம் குடிச்சுட்டு வயல்ல எறங்கினா மதியம் வரைக்கும் பசிக்காது. பூங்கார்னு இன்னொரு பாரம்பரிய அரிசி, அதை பொம்பளப் புள்ளைங்களுக்கும் முழுகாம இருக்கறவங்களுக்கும் கஞ்சியா குடுப்பாங்க. கடைல விலை கூட, நேரா விவசாயிகிட்ட வாங்குங்க ரெண்டு பேருக்கும் நல்லது.

சித்தா டாக்டர் தஞ்சை
வரப்போரம் ஐயா சொன்ன களைக்கொல்லி விஷயம் ரொம்ப முக்கியம், நன்றி. ஒரு சேர்க்கை மட்டும். சிவப்பரிசியோ கருப்பரிசியோ அரிசி அரிசிதான், தவிடு இருக்கறதால சுகர் கொஞ்சம் மெதுவா ஏறும், ஆனா ஏறும். பாரம்பரிய அரிசின்னு அத்தைக்கு தட்டு நிறைய வெச்சிடாதீங்க. அதே மாதிரி ஐயாறு அம்மா சொன்ன வத்தல் எல்லாம் உப்பு மோர்ல ஊற வெச்சது, பிரஷர்காரங்களுக்கு கொஞ்சமா. தீபாவளி லேகியம் கிளறுவீங்கன்னா அதுல வெல்லம் இருக்கு, சுகருக்கு ஆகாது, அதிமதுரம் போடுவாங்க, அது தினமும் உள்ள போனா பிரஷர் ஏறும். தீபாவளி அன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு நெல்லிக்கா அளவு உருட்டி சாப்பிடறது வேற, டப்பா தீர்ற வரைக்கும் தினம் கரண்டி போடறது வேற.

குடந்தை மணி
எல்லாரும் பயமுறுத்தறீங்க. எங்க தாத்தாவுக்கு மஞ்சக்காமாலை வந்து கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்துதான் சரியாச்சு, ஆஸ்பத்திரிக்கே போகல. எங்க தெருவுல இன்னிக்கும் எல்லாரும் அதான் செய்யறாங்க. நம்ம மூலிகைல பவர் இருக்கறதாலதானே வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சி பண்றான்?

நர்ஸ் அக்கா நாகை
தம்பி, ஆராய்ச்சி முதல்ல நம்ம ஊர்லதான் நடந்துச்சு. சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புல இருக்கறவங்களுக்கு குடுத்துப் பாத்து நல்ல பலன்னு 1988ல லான்செட் பத்திரிகைல எழுதினாங்க, உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் வேற வேற இடத்துல செஞ்சு பாத்தப்ப அதே பலன் வரலை. தண்ணில பரவற காமாலை பெரும்பாலும் ஓய்வு எடுத்து பத்தியமா சாப்பிட்டாலே சில வாரத்துல தானா இறங்கிடும், தாத்தாவுக்கு எதுனால சரியாச்சுன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. கீழாநெல்லி குடிக்காதீங்கன்னு நான் சொல்லல. கண்ணு மஞ்சளானா முதல்ல டெஸ்ட், அது என்ன காமாலைன்னு தெரியட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா நம்ம டெல்டாவுல எலிக்காய்ச்சல் இருக்கு. எலி மூத்திரம் கலந்த வயத்தண்ணில கால்ல புண்ணோட நிக்கறவங்களுக்கு வரும், நடவு நேரம் மழை நேரம் பாத்து வரும். திடீர்னு காய்ச்சல், கெண்டைக்கால்ல தாங்க முடியாத வலி, கண்ணு செவக்கும், முத்திப்போனா மஞ்சக்காமாலையும் சேந்துக்கும். முதல் ரெண்டு மூணு நாள்ல வந்தா சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரைல சரியாகற நோய் அது. கஷாயம் போட்டுப் பாப்போம், மந்திரிச்சுப் பாப்போம்னு ஒரு வாரம் ஓட்டிட்டு வந்தா கிட்னி போயிருக்கும். மன்னை மருமகள், உங்க வீட்டுக்காரர் வயல்ல இறங்கறவர்னா டாக்டர்கிட்ட போறப்ப அதை வாயத் திறந்து சொல்லுங்க, கேக்கலன்னாலும் சொல்லுங்க.

டெங்குல, காய்ச்சல் அடிக்கறப்ப இருக்கற பயம் காய்ச்சல் விட்டதும் போயிடுது, ஆனா ஆபத்து அங்கதான் ஆரம்பிக்கும். காய்ச்சல் விட்ட அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல வயித்து வலி, நிக்காத வாந்தி, பல்லு ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு ஆகறது, புள்ள சோந்து படுத்துக்கறது, இதுல எது இருந்தாலும் உடனே கூட்டிட்டுப் போங்க. நிலவேம்பும் பப்பாளி இலைச்சாறும் வேலை செய்யுதான்னு வீட்ல காத்திருக்கற நேரம் இல்ல அது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், வலி மாத்திரை எதுவும் கடைல கேட்டு வாங்கிப் போடாதீங்க, ரத்தக்கசிவு கூடிடும்.

சின்ன குழந்தை இருக்கற எல்லா வீட்டுக்கும்: உரை மருந்துன்னு வசம்பு, ஜாதிக்கா, மாசிக்கா, கடுக்கா கல்லுல உரசி பச்சக் குழந்தை நாக்குல தடவறதை தயவு செஞ்சு விடுங்க. கல்லும் கையும் சுத்தமில்லாம வயித்துப்போக்கோட வர்ற குழந்தைங்களை பாத்து பாத்து மனசு நொந்து போச்சு. வசம்பு அளவு கூடினா குழந்தை மயங்கிப் போகும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் ஒரு சொட்டு கூட கூடாது. வேது பிடிக்கறது நல்லா இருக்கும்தான், நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு பெரியவங்க பிடிங்க, ஆனா மூணு வயசை மடில வெச்சு போர்வைக்குள்ள கொதிக்கற பானையோட உக்காராதீங்க, பானை கவுந்து வெந்து போய் வந்த குழந்தைங்க இருக்கு.

மன்னை மருமகள்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சு முடிச்சு வீட்டுக்காரர்கிட்டயும் காட்டிட்டேன். அவர் வயல்லதான் முழு நேரமும், எலிக்காய்ச்சல் பத்தி இவ்வளவு தெரியாது எங்களுக்கு. பொடி லூஸ்ல வாங்கினதுதான், அதனால குப்பைல போட்டாச்சு. சித்தா பிரிவுக்கு அத்தையைக் கூட்டிட்டுப் போறேன். அத்தைகிட்ட அங்காயப் பொடின்னு சொன்னதுமே முகம் மலந்து போச்சு, கட்டில்ல உக்காந்தபடியே இது இவ்வளவு அது அவ்வளவுன்னு அளவு சொல்றாங்க, நான் வறுக்கறேன்.

ரெண்டு சந்தேகம் மட்டும். நாத்தனாருக்கு முருங்கக்கீரை, சுக்கு எல்லாம் குடுக்கலாம்ல? பிரண்டை துவையல் போன தடவ பக்கத்து வீட்ல குடுத்தாங்க, நாக்கு தொண்டை எல்லாம் அரிச்சு எடுத்துடுச்சு, அது எதுனால?

சித்தா டாக்டர் தஞ்சை
முருங்கக்கீரை தாராளமா குடுங்க, ஆனா கீரை சாப்பிடறான்னு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது, ரெண்டும் வேணும். சாப்பாட்டுல தட்டிப் போடற சுக்கு, மிளகு, சீரகம், பூண்டு தப்பில்ல. தனியா கஷாயம், லேகியம், சூரணம் எதுவும் அவங்க பாக்கற டாக்டர்கிட்ட கேக்காம வேண்டாம். நெல்லிக்கா தினம் ஒண்ணு கடிச்சு சாப்பிடட்டும், வீட்ல எல்லாருமே சாப்பிடலாம், பெரியவனுக்கு உப்பு தொட்டுக் குடுங்க.

ஐயாறு அம்மா
பிரண்டை முத்தலா இருந்திருக்கும், இல்ல சரியா வதக்கிருக்க மாட்டாங்க. நுனிக் கொழுந்துலேர்ந்து மூணு நாலு கணு மட்டும்தான் எடுக்கணும், அதுக்குக் கீழ நாரு. கைல நல்லெண்ணெய் தடவிக்கிட்டு கணுவை நறுக்கிப் போட்டுட்டு நாலு பக்கமும் நாரை உரி, எண்ணெய் தடவலன்னா கை ராத்திரி வரைக்கும் அரிக்கும். பொடிசா நறுக்கி, நல்லெண்ணெய் தாராளமா விட்டு பச்சை நிறம் போயி பழுப்பா சுருங்கற வரைக்கும் வதக்கு, பாதி வதக்கல்ல இறக்காத. உளுத்தம்பருப்பு, வரமிளகா, கொஞ்சம் தேங்கா, புளி மட்டும் ஒரு சுண்டு தூக்கலா வெச்சு அரை. புளி கம்மியா இருந்தாத்தான் தொண்டைல புடிக்கும். அத்தைக்கு உப்பு பாதி போட்டு தனியா எடுத்து வெச்சிடு, சின்னவளுக்கு இப்ப வேணாம், பெரியவனுக்கு முதல் நாள் ஒரு விரல் நுனி அளவு தோசைல தடவிக் குடுத்துப் பாரு.